முன்னாடி ஒரு எக்கோ

மென்பொருள் நிறுவனம் ஒன்றில் கையேடு எழுதுபவனாகச் சேர்ந்து முதல் எட்டு மாதம், கட்டளைகளின் நடுவே வரும் டாலர் குறி அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கானது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு விட்டிருக்கலாம். இந்தியப் பதிப்பு ஒன்று தயாரிக்கச் சொன்னபோது அத்தனை டாலரையும் தேசப்பற்றோடு நீக்கினேன். பதிலுக்கு ரூபாய்க் குறி போடலாமா என்று ஒரு மதியம் முழுக்க யோசித்தேன். என் விசைப்பலகையில் அது இல்லாததால் மட்டுமே நடக்கவில்லை.

நாற்பது வயதுவரை பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டிருந்தவன் நான். பத்திரிகை நின்றது. ஒற்றுப்பிழை கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்குக் கணினியில் என்ன கண்டுபிடிக்க முடியாது என்று யாரோ என் முதலாளியிடம் சொல்ல, அவரும் நம்பி என்னை எடுத்துக்கொண்டார். அம்பத்தூர் எஸ்டேட்டில், கீழே பேக்கிங் அட்டை செய்யும் கம்பெனி, மேலே நாங்கள். எஸ்டேட்டின் சின்னச் சின்னப் பட்டறைகளுக்கு, அவர்களுடைய வரைபடங்களை ஒழுங்காக அடுக்கி வைக்கும் மென்பொருளைச் செய்து கொடுத்தோம். அதை எப்படி நிறுவுவது, எப்படிப் புதுப்பிப்பது என்று எழுதுவது என் வேலை. நான் எழுதியதை எழுதியபடியே தட்டுகிற அப்பாவிகள் எஸ்டேட் முழுக்க இருந்தார்கள் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. நான் வைத்துக்கொள்ளவில்லை.

இந்தியப் பதிப்பைப் படித்துவிட்டு என் மேசைக்கு வந்து நின்றவர்தான் அக்கா.

சர்வர் பிரிவு அவர். பிரிவு என்றால் அவர் ஒருவர்தான். என்னைவிட ஐந்து வயது சின்னவர். ஆனாலும் முதலாளி தொடங்கி வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் அக்கா, எனக்கும். நாங்கள் குடியிருந்த மேனாம்பேட்டிலேயே பல தலைமுறையாக இருந்த குடும்பம். "நீ படுத்துத் தூங்கற எடத்துலதான் சார் எங்க பெரியப்பா கத்திரி போட்டாரு" என்று முதல் வாரத்திலேயே தகவல் சொன்னார். ரொம்ப நாள் எனக்குப் படுக்கையில் முள் குத்துகிற மாதிரியே இருந்தது.

"இன்னா சார், டாலரையெல்லாம் இன்னா பண்ண?"

"எடுத்துட்டேன்க்கா. நமக்கு எதுக்கு?"

அவர் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சார், சாவிய வெக்கற எடத்துல வெச்சிடுன்னு உன் ஊட்ல சொன்னா எங்க வெப்ப?"

"ஃப்ரிட்ஜ் மேல."

"எங்கூட்ல சாமி படத்துக்குப் பின்னால. சொன்னது ஒண்ணுதான், எடம் வேற. டாலர் போட்ட பேரு அதான் சார். எந்த மிஷின்ல ஓடுதோ, அந்த மிஷின்ல அந்தப் பேருக்கு இன்னா எழுதி வெச்சிருக்கோ, அத எடுத்துப் போட்டுக்கோன்னு அர்த்தம்."

"எடுத்துப் போடறது யாரு? கட்டளையா?"

"அதுக்கு ஒண்ணுமே தெரியாது. நீ தட்டறத மொதல்ல வாங்கறவன் ஷெல்லு. வாசல்ல நிக்கறவன்னு வெச்சிக்கோ. அவன் பேர எடுத்துட்டு, அங்க இன்னா கீதோ அத நெரப்பி உள்ள அனுப்புவான். உள்ள கீறவன் நெரப்புனத மட்டும்தான் பாப்பான்."

"அந்தப் பேர்ல ஒண்ணுமே எழுதி வைக்கலன்னா?"

"ஒண்ணுமில்லாததையே நெரப்பி அனுப்புவான். இன்னா சார் காலியா கீதேன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டான். அவ்ளோ மரியாத."

எட்டு மாதமாக எதை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. டாலர்களை மறுபடி சேர்த்தேன். இனி எல்லாம் புரிந்துவிட்டது என்றும் நினைத்துக்கொண்டேன். என் வாழ்க்கையின் பெரிய விபத்துகளெல்லாம் இந்த நினைப்புக்கு அடுத்த வரியில்தான் நடந்திருக்கின்றன. இந்த முறை அந்த வரியில் ஒரு பட்டறையின் பதினொரு வருடத்து வரைபடங்கள் இருந்தன. அதற்கு வருகிறேன்.

அக்காவிடம் ஒரு பழக்கம். எந்தக் கட்டளையைத் தட்டினாலும், அதைச் செய்ய விடுவதற்கு முன்னால் வரியின் தொடக்கத்துக்குப் போய் 'எக்கோ' என்று ஒரு சொல்லைச் சேர்ப்பார். கணினியில் அதைப்போலச் சாதுவான கட்டளை கிடையாது. தனக்குப் பின்னால் எழுதியிருப்பதைத் திரையில் திருப்பிச் சொல்லும், அவ்வளவுதான். ஆனால் திருப்பிச் சொல்வதற்குள் வாசலில் நிற்பவன் டாலர் பெயர்களையெல்லாம் நிரப்பிவிடுவான். ஆகவே, செய்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது எதுவும் நடக்காமலே தெரிந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு, எக்கோவை எடுத்துவிட்டு, அப்புறம்தான் உண்மையில் தட்டுவார். பதினைந்து வருடம் கைபழகிய கட்டளையாக இருந்தாலும் சரி. யாராவது பிரச்சினை என்று வந்தால் முதல் கேள்வி, "எக்கோ போட்டுப் பாத்தியா?" இல்லை என்றால் இரண்டாவது கேள்வி கிடையாது. திருப்பி அனுப்பிவிடுவார்.

பழக்கம் கணினியோடு நிற்கவில்லை. எங்கள் தெரு முனை டீக்கடையில் நான் போய் "வழக்கம்போல" என்றால் மாஸ்டர் தலையாட்டுவார். அக்கா உடனே குறுக்கே வருவார்.

"அண்ணாத்தே, இவரு வழக்கம் இன்னா? சொல்லு."

"ஸ்ட்ராங்கா, சக்கர கம்மி."

"சக்கரயே போடாதன்னு டாக்டர் சொல்லி ஒரு மாசமாவுது. இன்னா சார், இவன்கிட்ட சொன்னியா?"

சொல்லியிருக்கவில்லை. சொல்லாமல் விட்டது மறதியால் அல்ல. அந்த ஒரு ரகசிய இனிப்பும் அன்றோடு போயிற்று.

ஆட்டோக்காரர்களுக்கு அவரைக் கண்டால் பயம். "பஸ் ஸ்டாண்டு" என்று சொல்லி ஏறினோம் என்றால், "இப்ப எங்க போறதா நெனச்சிக்கினு தலையாட்டுன? வாயால சொல்லு" என்பார். அந்த ஆள் ஆவடி என்றோ அம்பத்தூர் என்றோ சொல்லுவார். நாங்கள் போக வேண்டியது பூந்தமல்லியாக இருக்கும். குத்தம்பாக்கத்தில் புதிதாக ஒரு பஸ் ஸ்டாண்டு கட்டப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது அக்கா உண்மையாகவே வருத்தப்பட்டார். "ஏற்கெனவே ஒரு பேருக்கு மூணு எடம். இன்னும் ஒண்ணா?"

அவருடைய தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு: நம்ம ஆளுங்க மட்டும்தான் வரோம். மாப்பிள்ளையின் மாமாவும் அதைத்தான் சொன்னார். எந்தப் பெண் வீட்டுக்காரர்களும் அதைக் கேட்டுக்கொண்டு, மனசுக்குள் பத்து, பன்னிரண்டு என்று போட்டுக்கொண்டு, அந்த நாளில் வாசலுக்கு ஓடி எட்டிப் பார்த்துத் திகைப்பார்கள். அக்கா அலுவலக வராந்தாவில் நின்றபடி மாமாவுக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில்.

"மாமா, நம்ம ஆளுங்கன்னு சொன்னீங்களே. யார் யாரு?"

"நம்ம ஆளுங்கதாம்மா. வெளியாளு யாரும் இல்ல."

"செரி மாமா. பேரு சொல்லுங்க."

"பேரா?"

"ஒவ்வொண்ணா சொல்லுங்க, எழுதிக்கறேன்."

மாமா சொல்ல ஆரம்பித்தார். முதல் ஆறு பேர் சட்டென்று வந்தார்கள். அப்புறம் பெரியவரைக் கூப்பிட்டுச் சின்னவரைக் கூப்பிடாமல் இருக்க முடியுமா என்று ஒரு யோசனை. சின்னவர் வந்தால் அவர் மச்சான். மச்சானோடு திருவேற்காட்டிலிருந்து ஒரு வேன். சொல்லச் சொல்ல மாமாவுக்கே குரல் இறங்கிக்கொண்டு வந்தது. முப்பத்தெட்டாவது பெயரில் அவரே நிறுத்தினார்.

"இன்னாம்மா இது, இவ்ளோ பேரு வராங்க?"

"நீங்கதான் மாமா சொல்றீங்க."

"வேணாம்மா. நாங்க ஒம்போது பேரு வரோம்."

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அந்த மாமா அக்காவை எங்கே பார்த்தாலும் முன்கூட்டியே எண்ணிக்கையோடு வணக்கம் சொல்வதாகக் கேள்வி.

இப்படி ஒருவர் பக்கத்தில் இருந்தும் நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

வரைபட மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்தது. அதை நிறுவும்போது, பழைய பதிப்பு தற்காலிகமாகப் பயன்படுத்திய ஓர் அடைவில், அதாவது ஃபோல்டரில், கிடக்கும் குப்பையை முதலில் அழிக்க வேண்டும். அந்த இடம் பட்டறைக்குப் பட்டறை மாறும் என்பதால் அதற்கு VELAI என்று ஒரு பெயர் வைத்து, கையேட்டில் இப்படி எழுதினேன்:

rm -rf $VELAI/*

வேலை அடைவுக்குள் இருப்பதையெல்லாம் கேள்வி கேட்காமல் அழி என்று பொருள். முதலில் என் கணினியில் சோதித்தபோது திரையில் திறந்திருந்த ஒரு ஜன்னலில் VELAI என்பதற்கு இடத்தைச் சொல்லிவிட்டு, இன்னொரு ஜன்னலில் கட்டளையை ஓட்டப் போனேன். நல்லவேளை, பின்னால் நின்றிருந்த அக்கா கையைப் பிடித்தார். "இந்த ஜன்னல்ல சொன்னது அந்த ஜன்னலுக்குக் கேக்காது சார். ஒரே ஊட்ல பேசிக்காம கீற ரெண்டு பேரு மாதிரி." ஒவ்வொரு ஜன்னலிலும் போய்ச் சொல்லிக்கொண்டிருப்பது எனக்குச் சிரமமாக இருந்தது. ஆகவே கணினி தொடங்கும்போதே படிக்கிற கோப்பில் அதை நிரந்தரமாக எழுதி வைத்தேன். யாரையும் கேட்காமல் நானாகவே கண்டுபிடித்த உபாயம். மிகவும் பெருமைப்பட்டேன். பிறகு மறந்தேன். அதற்குப் பின் மூன்று முறை சோதித்தேன். மூன்று முறையும் அற்புதமாக வேலை செய்தது. கையேட்டில், VELAI எந்த இடம் என்று முதலில் சொல்ல வேண்டும் என்ற வரியை எழுதவே இல்லை.

முதல் பட்டறை எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. கனரக வண்டிகளுக்குப் பல்சக்கரம் செய்பவர்கள். அங்கே வரைபடங்களுக்குப் பொறுப்பு ஒரு சூப்பர்வைசர் அண்ணன். ஆவடிக்காரர், ஐம்பது தாண்டியவர். பதினொரு வருடத்து வரைபடங்களில் பாதிக்கு மேல் அவர் கையால் போட்டவை. வெள்ளிக்கிழமை அவர்களுடைய பெரிய வாடிக்கையாளரிடமிருந்து ஆய்வாளர் வருகிறார். எந்தச் சக்கரத்தின் படத்தைக் கேட்டாலும் எடுத்துக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விடும். அதனால்தான் புதன்கிழமையே புதிய பதிப்பைப் போட்டுவிடலாம் என்றார்.

அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். "எழுதுனவன் வந்து படிக்கணும் சார். தட்டறவன் தட்டட்டும்."

நான் கையேட்டைப் பிரித்து நின்று, சொற்பொழிவாளர் தோரணையில் வரிவரியாகப் படித்தேன். அண்ணன் இரண்டு விரல்களால் தட்டினார். அவர் எப்போதும் ரூட்டாகத்தான் நுழைவார், அதாவது அந்த இயந்திரத்தில் எதையும் செய்ய அனுமதி உள்ள முழு முதலாளியாக. வேறு பெயரில் நுழைந்தால் மெஷின் தன்னை மதிப்பதில்லை என்பது அவர் குறை.

"பேக்கப் கீதாண்ணே?" என்று அக்கா நடுவில் கேட்டார்.

"பக்காவா கீதும்மா. வாரா வாரம் எடுக்கறேன்."

"எங்க?"

"இதே மிஷின்லதான்."

அக்கா அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். நான் அடுத்த வரியைப் படித்தேன். அழிக்கும் வரி. அண்ணன் தட்டி முடித்தார். எண்டர் விசையின் மேல் விரல்.

"அண்ணே, கைய எடு."

அண்ணன் சுட்டதுபோல எடுத்தார்.

"முன்னாடி ஒரு எக்கோ போடு."

எனக்குச் சுருக்கென்றது. வாடிக்கையாளர் முன்னால் என் எழுத்தைச் சந்தேகிக்கிறாரே என்று. "அக்கா, இது வேலை செய்யும். நானே மூணு தடவை பண்ணிப் பார்த்துட்டேன்."

"எங்க பண்ணிப் பாத்த?"

"என் மெஷின்ல."

"இது யார் மிஷினு?"

பதில் சொல்வதற்குள் அண்ணன் எக்கோ சேர்த்து எண்டரைத் தட்டிவிட்டார். திரையில் ஒரு வரி வரும் என்று பார்த்தால் மூன்று வரி வந்தது.

rm -rf /backup /bin /boot /dev /etc /home

என்று தொடங்கி அது போய்க்கொண்டே இருந்தது. VELAI என்ற பெயருக்கு அந்த இயந்திரத்தில் எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை. வாசலில் நிற்பவன் மரியாதையாக ஒன்றுமில்லாததை நிரப்பிவிட்டான். மிஞ்சியது ஒரு சாய்கோடும் நட்சத்திரமும். உச்சியிலிருந்து தொடங்கி இருப்பதெல்லாம் என்று அர்த்தம். கணினியின் குடல், ஈரல், இதயம் எல்லாம் அகர வரிசையில் திரையில் நின்றன. முதல் பெயர் பேக்கப்.

அண்ணனுடைய விரல் திரையின் மேல் மெதுவாக நகர்ந்தது. மூன்றாவது வரியில் ஓர் இடத்தில் நின்றது. அங்கே /padam என்று இருந்தது.

"இதுலதாம்மா நம்ம படமெல்லாம் கீது."

"ஆமாண்ணே."

"எக்கோ இல்லாம தட்டியிருந்தா?"

"தட்டலயே. தண்ணி குடி."

அவர் குடித்தார். அவர் வைத்த சொம்பை எடுத்து நானும் குடித்தேன். ராஜினாமாக் கடிதத்தின் முதல் வாக்கியம் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. அதிலும் ஒரு ஒற்றுப்பிழை இருந்தது.

அக்கா என்னைத் திட்டவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. VELAI எந்த இடம் என்று அண்ணனைக் கேட்டு, அதை முதலில் சொல்ல வைத்தார். அந்தப் பெயர் காலியாக இருந்தால் கட்டளை ஓடாமல் நின்றுவிடும்படி வரியையும் மாற்றி எழுதினார். மறுபடி எக்கோ. இப்போது குப்பைக் கோப்புகள் ஏழு மட்டும் வந்தன. அண்ணன் ஏழையும் வாய்விட்டுப் படித்தார். எக்கோவை எடுத்துவிட்டுத் தட்டினார்கள். அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. வெள்ளிக்கிழமை ஆய்வாளர் நாற்பது படங்கள் கேட்டு, நாற்பதும் கிடைத்து, ஆர்டர் கையைவிட்டுப் போகாமல் தப்பியது.

அலுவலகத்துக்கு அக்கா எழுதிக் கொடுத்த அறிக்கையை நான் பின்னால் பார்த்தேன். "கையேட்டில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது. சேர்க்கப்பட்டது." என் பெயர் எங்கும் இல்லை. அப்படிப்பட்ட மனுஷி.

இதற்கு நான் ஏதாவது கைம்மாறு செய்ய வேண்டாமா? செய்தேன். கையேட்டை முதலிலிருந்து திருத்தி எழுதினேன். ஒவ்வொரு கட்டளைக்கு மேலும் தடித்த எழுத்தில், 'முன்னால் எக்கோ சேர்த்துத் தட்டவும். திரையில் வருவதை நிதானமாக வாய்விட்டுப் படிக்கவும்' என்று போட்டேன். பேக்கப்பை வேறொரு டிஸ்கில்தான் எடுக்க வேண்டும் என்று அக்கா சொன்னதை ஒரு தனி அத்தியாயமாகவே எழுதினேன். முன்னுரையில் அவரைப் பற்றி, பெயர் சொல்லாமல், உருக்கமாக அரைப்பக்கம். அச்சிட்டு முதல் பிரதியை அந்தப் பட்டறைக்கே அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்துச் சூப்பர்வைசர் அண்ணனிடமிருந்து போன். அக்கா என் மேசையருகே நின்றிருந்தார். பாராட்டப் போகிறார் என்று நம்பி ஸ்பீக்கரில் போட்டேன்.

"சார், புது புக்கு சூப்பரு. தெனம் சாயங்காலம் அதப் பாத்துத்தான் பேக்கப் எடுக்கறேன். முன்னாடி எக்கோ போட்டுத் தட்டறேன். வந்தத வாய் உட்டுப் படிக்கறேன். ஒரு எரர் இல்ல சார்."

"ரொம்ப சந்தோஷம்ணே."

"ஒரே ஒரு சந்தேகம். டிஸ்க்க இன்னிக்குத் தொறந்து பாத்தா காலியா கீது."

நான் கையேட்டைப் பிரித்தேன். நாற்பத்திரண்டு பக்கம். எக்கோ போடச் சொல்லியிருந்தேன். படிக்கச் சொல்லியிருந்தேன். அதற்கப்புறம் எக்கோவை எடுத்துவிட்டு மறுபடி தட்ட வேண்டும் என்று எந்தப் பக்கத்திலும் சொல்லவில்லை. மூன்று வாரமாக அந்த மனிதர் சொல்லச் சொல்ல, இயந்திரம் அதை அப்படியே திருப்பிச் சொல்லிக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறது.

"அண்ணே, படமெல்லாம் பத்திரமா கீதுல்ல?" என்று அக்கா என் தோளுக்கு மேல் குனிந்து கேட்டார்.

"அதெல்லாம் மிஷின்ல அப்டியே கீதும்மா."

"அப்போ இன்னிக்கு அந்த எக்கோவ எடுத்துட்டு இன்னொரு தபா தட்டுங்க. நான் லைன்லயே கீறேன்."

தட்டினார். டிஸ்கின் விளக்கு மினுக்குகிறது என்றார். கால் மணி நேரம் மினுக்கியது. எல்லாப் படமும் போய்ச் சேர்ந்துவிட்டதை அண்ணன் ஒவ்வொரு அடைவாகத் திறந்து பார்த்துச் சொல்லிவிட்டு போனை வைத்தார். நான் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தேன். அக்கா கையேட்டை எடுத்து, முன்னுரையைத் தாண்டிப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மெல்ல மூடி என் மேசையிலேயே வைத்தார்.

"உடு சார்," என்றார். "இதுவரிக்கும் நீ எழுதுனதுலயே யாருக்கும் ஒரு கெடுதலும் பண்ணாத புக்கு இதான்."